உப்பளப் பாதை வண்டிக்கு வாரம் 25 நிமிடம்

என்னுடையது 2009 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் எழுதியிருக்கும். தினமும் தூத்துக்குடியிலிருந்து முள்ளக்காடு, பழையகாயல் வழியாக ஆறுமுகநேரி வரை போய் வருகிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம், முன்னால் உப்பு ஏற்றிய லாரி, சாயங்காலம் கடல் காற்று. திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தான் வண்டியும் அதே வருஷத்து வண்டிதான், அவர் மாதம் ஒரு முறை கழுவினாலே புதுசு மாதிரி நிற்கிறது. நான் இரண்டு வாரம் சும்மா விட்டால் ஸ்போக்ஸ் கம்பி முனையில் செம்பழுப்பாகத் துரு எட்டிப் பார்க்கும்.

முதல் நாலைந்து வருஷம் வாட்டர் சர்வீஸில்தான் விட்டேன். வேலை சீக்கிரம் முடியும், நாமும் பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அந்த பிரஷர் தண்ணீர் எங்கே எல்லாம் நுழைகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் ஹேண்டில் திருப்பும்போது நறநறவென்று சத்தம் வர, மெக்கானிக் அண்ணாச்சி கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கை, கழற்றிக் காட்டினார். உள்ளே கிரீஸ் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது, முன் சக்கர பேரிங்கிலும் அதே கதை. “இனி பேரிங் பக்கம் நேரா அடிக்க விடாதீங்க தம்பி” என்றார். போதாததற்குக் கழுவி முடித்ததும் இன்ஜின் மேல் டீசல் அடித்துத் தருவார்கள். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், மறுநாள் முள்ளக்காடு தாண்டுவதற்குள் அந்த டீசல் மேல் புழுதி அப்பிவிடும். ரப்பர் பாகங்களுக்கும் டீசல் ஆகாது.

சரி, வீட்டிலேயே கழுவுவோம் என்று ஆரம்பித்தபோது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போனது. சீட்டைக் கழற்றி, சைடு கவரைக் கழற்றி, பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்து. அப்படி ஒரு வாரம் செய்தால் அடுத்த ஐந்து வாரம் அந்தப் பக்கமே போகத் தோன்றாது, அதற்குள் உப்பு தன் வேலையைப் பார்த்துவிடும். அதனால் இப்போது வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு 25 நிமிடம், அவ்வளவுதான். காலை நேரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் இன்ஜினும் சைலன்சரும் ஆறியிருக்கும், காத்திருக்க வேண்டாம். வெயில் ஏறவில்லை என்பதால் சோப்பு நுரை டேங்கிலேயே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்காது.

எங்கள் ஊரில் முக்கியமான விஷயம் தண்ணீர். போர் தண்ணீர் உப்பு, கார்ப்பரேஷன் குழாயில் வருவது வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். நல்ல தண்ணீரில் வண்டி முழுக்கக் கழுவினால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வண்டியைக் கழுவாமல் இருப்பதே மேல், காய்ந்ததும் டேங்கில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், தேய்த்தாலும் போகாது. நான் செய்வது இதுதான். சகதியையும் புழுதியையும் போக்க போர் தண்ணீர் இரண்டு வாளி, கடைசியாக ஒரே ஒரு அலசலுக்கு நல்ல தண்ணீர் அரை வாளி. அதைச் செம்பால் மேலிருந்து மெதுவாக ஊற்றினால் அரை வாளியே தாராளம்.

சைலன்சர் வாயில் ஒரு கேரி பேக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட வேண்டும், துணி அப்புறம்தான். ஆடிக் காற்றில் தேரிப் பக்கத்து, அதாவது செம்மணல் மேட்டுப் பக்கத்து, மண் பறந்து வந்து படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் டேங்கைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். தினமும் காலையில் அவசரத்தில் ஒரு துணியை எடுத்து டேங்கைத் தட்டித் துடைத்துவிட்டுக் கிளம்புகிறோமே, பெயின்ட் மங்குவது பெரும்பாலும் அதனால்தான். சோப்புக்குத் துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் விளக்கும் லிக்விடும் வேண்டாம், முன்பு பூசிய மெழுகை உரித்துவிடும். கார் ஷாம்பூ இருந்தால் நல்லது, இல்லையா, தலைக்குப் போடும் இரண்டு ரூபாய் ஷாம்பூ பாக்கெட் ஒன்று போதும்.

துணி இரண்டு வகை வைத்திருக்கிறேன். டேங்க், ஹெட்லைட் கவர், சைடு கவருக்கு மைக்ரோஃபைபர். இன்ஜின், ரிம், மட்கார்டின் அடிப்பக்கத்துக்கு மெக்கானிக் கடைகளில் வைத்திருப்பார்களே, திருப்பூர் பனியன் வேஸ்ட், அது. இரண்டையும் மாற்றி எடுத்துவிடக் கூடாது, கீழே துடைத்த துணியில் இருக்கும் ஒரு மணல் துகள் டேங்குக்குப் போதும். எப்போதும் மேலிருந்து கீழேதான் வருவேன். மட்கார்டின் உள்பக்கத்தை மட்டும் விடவே மாட்டேன், வெளியே தெரியாத அந்த இடத்தில்தான் உப்புச் சேறு ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்கிறது.

கழுவுவதற்குப் பத்து நிமிடம் என்றால் துடைப்பதற்கும் பத்து நிமிடம் கொடுக்கிறேன். தூத்துக்குடியில் வண்டியைக் காப்பாற்றுவது ஷாம்பூவோ பாலிஷோ இல்லை, இந்தத் துடைப்புதான் என்று பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்கிறேன். மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, கேரி பேக்கை மறக்காமல் எடுத்துவிட்டு, தெருவை இரண்டு சுற்று சுற்றி வருவேன். சீட்டுக்கு அடியிலும் மீட்டர் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் அந்த அதிர்வில் வெளியே வழியும், இன்ஜின் சூட்டில் மீதி காயும். பிரேக்கையும் நாலைந்து முறை மிதித்துப் பார்த்துவிட வேண்டும், நனைந்த பிரேக் டிரம் முதல் இரண்டு பிடிக்கு வழுக்கும். வந்ததும் ஸ்போக்ஸ், ஸ்டாண்ட் ஸ்பிரிங், கிக்கர் மேல் ஒரு துளி ஆயில் நனைத்த துணியை ஓட்டினால் முடிந்தது. டிரம் பக்கம் மட்டும் அந்தத் துணி போகக் கூடாது.

பாலிஷ் மாதம் ஒரு தடவை, கூடுதலாகப் பதினைந்து நிமிடம். கடையில் பாலிஷ் என்று கேட்டால் இரண்டு விதமாகத் தருவார்கள். ரப்பிங் காம்பவுண்ட் என்பது பெயின்ட்டையே மெல்லியதாக அரைத்து எடுப்பது, அதை மாதாமாதம் போட்டால் மேல்பூச்சு தேய்ந்துவிடும். நமக்கு வேண்டியது மெழுகு பாலிஷ். ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து டேங்க் முழுக்க மெல்லிசாகத் தடவி, பனி படர்ந்த மாதிரி வெளுக்கும் வரை விட்டு, சுத்தமான துணியால் துடைத்தால் போதும். கை வலிக்கத் தேய்க்க வேண்டியதே இல்லை. அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றும்போது தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடும், துடைக்கும் நேரமும் பாதியாகும். டேங்க் ஸ்டிக்கரின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் உரியும், அங்கே மட்டும் விரல் பதமாகப் போக வேண்டும். சீட், ஃபுட்ரெஸ்ட், டயர் இந்த மூன்றிலும் எந்தப் பளபளப்பும் வேண்டாம், வழுக்கினால் உயிருக்கு ஆபத்து. டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் டிஸ்க்கில் பாலிஷ் ஒரு துளிகூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேட் பெயின்ட் (பளபளப்பில்லாத பெயின்ட்) வண்டிக்கு மெழுகே ஆகாது.

குரோமில் துருப்புள்ளி வந்துவிட்டதா? சாப்பாடு பார்சலில் வரும் அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறாமல் துருவை மட்டும் எடுத்துவிடும். பூச்சே உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தால் இது உதவாது.

ஆயுத பூஜைக்கு அம்மா டேங்கிலும் ஹெட்லைட்டிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைக்கட்டும், வண்டிக்கு அது வேண்டும்தான். மறுநாள் காலையில் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்து எடுத்துவிடுகிறேன். முந்தின சனிக்கிழமை மெழுகு பூசியிருந்தால் குங்குமக் கறையும் பிடிப்பதில்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி வண்டி முக்கால் சக்கரம் வரை இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் நான் கிக்கரைத் தொடவில்லை. சேறு காய்ந்து இறுகுவதற்குள் வாளி வாளியாக ஊற்றிக் கழுவி, துடைத்து, தள்ளிக்கொண்டே அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஆயில் மாற்றி, இரண்டு டிரம்மையும் பிரித்துத் துடைத்து, நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆனது.