ஓர் எழுத்துக்காக மூன்று பயணம்

அம்மாவின் தேசிய அடையாள அட்டையைப் புதுப்பிப்பதற்காகக் கடந்த ஆண்டு இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து மூன்று முறை பஸ் ஏறினோம். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பழைய அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்தால் வேறுபட்டிருந்தன. கொழும்பில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு, வரிசையில் நின்றபோதெல்லாம் லங்கா கேட் பற்றிய நினைவே ஓடியது.

அரச திணைக்களங்களை இணைக்கும் அந்த ஏற்பாடு சேவை சார்ந்த கட்டமைப்பில் அமைந்தது. எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் கொட்டாமல், ஒவ்வொரு திணைக்களமும் தன் ஏட்டைத் தானே வைத்துக்கொண்டு, பிறர் கேட்கக்கூடிய கேள்விகளை மட்டும் சேவைகளாகத் திறந்துவிடுகிறது; உள்ளே தரவுத்தளத்தையே மாற்றினாலும், கேள்வியின் வடிவம் மாறாதவரை கேட்பவருக்குப் பாதிப்பில்லை. எஸ்தோனியா 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு வழியாகச் செய்வதும் இதைத்தான். இங்கே வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை இணையத்தில் பெறும்போது, காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் பின்னணியிலேயே சரிபார்க்கப்படுகின்றன. வாகனத்துக்கு ஒரே இலக்கம் இருப்பதால் அது இலகு.

மனிதருக்கும் இலக்கம் உண்டு. 2016இல் வந்த 12 இலக்க எண்ணைப் பழைய 9 இலக்க எண்ணிலிருந்து சிறு நிரலொன்றே கணித்துவிடும்: அதிலுள்ள பிறந்த ஆண்டின் முன்னால் 19, தொடர் எண்ணின் முன்னால் ஒரு பூச்சியம், கடைசி ஆங்கில எழுத்து நீங்கும். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றுப்போய், சிலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்த மலையகத்தில், அடையாள இலக்கம் கிடைப்பதற்கு முந்திய ஏடுகள் பெயரை மட்டுமே நம்பி நிற்கின்றன. தோட்டத்தில் தமிழில் சொன்ன பெயரை ஒருவர் சிங்களத்திலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் பதிந்தார்கள். சண்முகத்துக்கு ‘எஸ்’ஸோடு ‘எச்’ சேர்த்தவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. ஒலியை ஒப்பிட்டு நிரலே பொருத்திவிடலாம் என்று அலுவலக நண்பர் சொன்னார். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்தின் ஒரே வீட்டு வரிசையில், ஒரே பெயரில் இருவர் இருப்பதை அவர் பார்த்ததில்லை.

இரு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் கொடுத்த சத்தியக் கடதாசியால், மூன்றாம் முறை வேலை முடிந்தது. அது இப்போது அந்த ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. இவ்விரு பதிவுகளும் ஒரே ஆளுடையவை என ஓர் அதிகாரி ஏற்றுக்கொண்ட முடிவையே, யார், எப்போது, எந்த ஆதாரத்தின் பேரில் எடுத்தார் என்ற குறிப்போடு, மற்றத் திணைக்களங்களும் கேட்டறியக்கூடிய ஒரு சேவையாக ஆக்காதவரை, இணைப்புகள் எத்தனை இருந்தும் எங்கள் பக்கத்து மக்களுக்குப் பயன் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

அடுத்து அம்மா ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சத்தியக் கடதாசியில் இரண்டு பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம்.