டபுள் எக்ஸ்போஷருக்கு முதலில் இருட்டு வேண்டும்

டபுள் எக்ஸ்போஷர் (இரண்டு காட்சிகள் ஒரே படத்தில் கலந்து தெரிவது) என்றதும் நிறைய பேர் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே இருப்பதன் ஓபாசிட்டியை (ஒளி ஊடுருவாத அளவை) பாதியாகக் குறைத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டுமே வெளிறித்தான் போகும், ஏனென்றால் அங்கே நடப்பது சராசரி எடுக்கும் வேலை. ஃபிலிமில் நடந்தது கூட்டல். ஒரே ஃபிரேமில் இரண்டு முறை ஒளி விழும்போது முதல் படத்தில் இருட்டாக இருந்த இடத்தில்தான் இரண்டாவது படம் தெளிவாகப் பதியும், ஏற்கெனவே வெள்ளையாகிவிட்ட இடத்தில் புதிதாக எதுவும் ஏறாது. மொத்த வெளிச்சம் அளவுக்குள் இருக்கட்டும் என்றுதான் இரண்டு ஷாட்டையும் ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்து எடுப்பார்கள்.

எடிட்டிங்கில் இதற்கு நெருக்கமாக வருவது ஸ்க்ரீன் மோட், அதாவது மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதங்களில் ஒன்று. வெளிச்சத்தை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை எண்ணால் சொல்வார்கள். சுத்தக் கறுப்பின் மேல் (அதாவது 0) எதை வைத்தாலும் அது அப்படியே தெரியும். 255 மேல் எதை வைத்தாலும் வெள்ளைதான். 128 மேல் 128 வந்தால் ஏறத்தாழ 192. இது புரிந்துவிட்டால் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தெளிவாகிவிடும். முதல் படம் பக்கவாட்டு முகம், பின்னால் வெறும் வெள்ளை, முகமும் முடியும் நன்றாக இருண்டு இருக்க வேண்டும். லெவல்ஸில் (இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கருவி) பின்னணியை முழு வெள்ளைக்கும் நிழலைக் கறுப்புக்கும் தள்ளிவிடுங்கள். பின்னணி கொஞ்சம் சாம்பலாக இருந்தாலும் இரண்டாவது படம் அங்கேயும் கசியும்.

சரி, ஸ்க்ரீன் மோடில் மேலே வைக்கும் இரண்டாவது படம். எனக்குப் பிடித்தது மரக்கிளைகள். அதில் வானம் வெளுப்பாக இருப்பதால், அது முகத்தின் ஓரத்தைத் தொடும் இடத்தில் ஓரமே கரைந்து பின்னணியோடு கலந்துவிடும். உச்சந்தலையில் இது அவ்வளவு அழகு! மூக்கிலும் தாடையிலும் நடந்தால் முகமே போய்விடும். அதனால் படத்தை நகர்த்தி, திருப்பி, சிறிதாக்கி, அடர்ந்த இலைகள் மூக்கு, உதடு, தாடைப் பக்கம் வரும்படி வையுங்கள். மாஸ்க்கை (மேல் படத்தை வேண்டிய இடத்தில் மட்டும் மறைக்க உதவுவது) அதற்கு அப்புறம் தொட்டால் போதும்: கண் இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால், குறைந்த ஓபாசிட்டியில், பார்வை திரும்பத் தெரியும் வரை.

நிறம் ஒட்டவில்லை என்றால் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கிரேடியன்ட் மேப் (இருட்டு முதல் வெளிச்சம் வரை நீங்கள் தேர்ந்த நிறங்களாக மாற்றுவது) போடுங்கள். போட்டோஷாப்தான் வேண்டும் என்றில்லை, இலவசமான கிம்ப்பிலும் பிரவுசரில் ஓடும் போட்டோபியாவிலும் இதே ஸ்க்ரீன் மோட் இருக்கிறது.