பாங்காக் லக் முவாங்: தலைநகரின் காவல் தூணை முறையாக வழிபட

பாங்காக் அரண்மனைக்குப் போகிறவர்கள் பலர், சனாம் லுவாங் திடலின் தென்கிழக்கு மூலையில் வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கும் சன்னிதியைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். இந்தத் தலைநகரம் பிறந்ததே அங்கேதான். 1782 ஏப்ரல் 21 ஞாயிறு காலை 6:54-க்கு முகூர்த்தம் குறித்து, முதலாம் ராமா மன்னர் நகரத் தூணை நாட்டினார். அரண்மனைகூட அதற்குப் பிறகுதான்.

தூண் சையப்ருக் மரம். நம் வாயில் சொன்னால் ஜயவிருட்சம், கொன்றை இனம். தரைக்கு மேல் 108 அங்குலம், மண்ணுக்குள் 79 அங்குலம், உச்சியில் தாமரை மொட்டு. உள்ளே இரண்டு தூண்கள் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். உயரமானது முதலாம் ராமா நாட்டியது, குட்டையானது நான்காம் ராமா காலத்தது.

தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொண்டு காலையிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வழியில் யாராவது "இன்று கோயில் மூடியிருக்கிறது" என்று சொல்லி வேறெங்கோ கூப்பிட்டால் நம்பாதீர்கள். வாசல்வரை போய்ப் பார்த்துவிடுங்கள். ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, தாமரை, தங்க ரேக்கு, மூவண்ணத் துணி, மாலை, எண்ணெய் எல்லாம் ஒரே தட்டாக வளாகத்திலேயே கிடைக்கும்.

முதலில் புத்தர் மண்டபம். அடுத்து மாதிரித் தூண்: ரேக்கு ஒட்டுவதும் துணி கட்டுவதும் இதில்தான், மூலத்தூணில் அல்ல. ரேக்கை விரலால் தொட்டால் கையிலேயே ஒட்டிக் கிழிந்துவிடும், மின்விசிறிக் காற்றில் பறந்தும் போகும். தாளோடு சேர்த்துத் தூணில் வைத்து, தாளின் முதுகை நிதானமாகத் தேய்த்த பிறகு தாளை மட்டும் உரியுங்கள். பிறகு உள்ளே போய் மூலத்தூணுக்கு மாலை.

அத்தோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்துச் சன்னிதியில் ஐந்து காவல் தெய்வங்கள்: ப்ரா சுவா முவாங், ப்ரா சோங் முவாங், ப்ரா கான் சாய் சீ, சாவ் ஹோ க்லோங், சாவ் சேத்தகுப். கடைசிப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நம் சித்திரகுப்தனே தான்! காஞ்சிபுரத்தில் கணக்கெழுதுபவர் இங்கே நகரத்தையும் காக்கிறார்.

நிறைவாக எண்ணெய். இங்கே ஒவ்வொரு கிழமைக்கும் தனிப் புத்தர் உருவம் உண்டு; உங்கள் பிறந்த கிழமைக்குரிய புத்தரின் விளக்கில் ஊற்ற வேண்டும். நட்சத்திரம் மட்டும் தெரிந்தால் இங்கே உதவாது. கிழமையை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். புதன்கிழமை பிறந்தவர்களுக்குப் பகலும் இரவும் தனித்தனி என்பதால் நேரமும் வேண்டும். மடமடவென்று கவிழ்த்தால் திரி மூழ்கி விளக்கு அணைந்துபோகும், ஓரமாகச் சிறுகச் சிறுக விடுங்கள்.

பக்கத்து மண்டபத்தில் மணிமுடி தரித்த பெண்கள் ஆடிக்கொண்டிருந்தால், அது யாரோ ஒருவரின் நேர்த்திக்கடன். வேண்டுதல் பலித்தவர் பணம் கட்டித் தெய்வத்துக்காக ஆடச் சொல்வது. குறுக்கே நடக்காமல் ஓரமாக நின்று பார்க்கலாம்.

அங்கிருந்து கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் பெரிய ஊஞ்சல் கம்பமும் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலும். அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் த்ரியம்பவாய் சடங்கில் ஓதுவது நம் திருவெம்பாவையைத்தான்.