போஃபெல் உச்சியில் கிழக்கு எந்தப் பக்கம்?

முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. காலணியை மூன்று முறை கழுவியும் கறுப்புத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும், நாளைக்கு வேலைக்குப் போனால் பாதி மறந்துவிடும். நேற்று இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் லாங்டேல் ஹார்ஸ்ஷூ மலை ஓட்டத்தை முடித்தேன். சுமார் 21 கிலோமீட்டர் தூரம், சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். அதில் பெரும்பகுதி மேகத்துக்குள்.

முதலில் டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து வந்த ரயில் தாமதம். ஆக்ஸன்ஹோமில் இணைப்பு ரயில் போய்விட்டது. விண்டர்மியரில் இறங்கும்போது இருட்டி, லாங்டேல் பள்ளத்தாக்குக்குப் போகும் கடைசி பஸ்ஸும் கிளம்பியிருந்தது. போனில் 40 பவுண்டு என்று சொன்ன டிரைவர், இறக்கிவிட்டதும் 58 கேட்டார். ராத்திரி நேரம், ஒற்றைப் பாதை, திரும்பக் காலியாகப் போக வேண்டும் என்று காரணங்கள். இதெல்லாம் போனில் பேசும்போதே அவருக்குத் தெரியாதா? மழையில் நின்று வாதாட எனக்குத் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன். போட்டிக்கு நான் கட்டிய பணம் இதில் பாதிகூட இல்லை. நீங்கள் போனால் தொகையை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறைக்குக் கட்டுப்படியாகாது என்பதால் கூடாரம்தான். நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நடத்தும் முகாம், போட்டி தொடங்கும் ஓல்ட் டஞ்சன் கில் ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரம். இரவு முழுக்க மழை. காலையில் பார்த்தால் பள்ளத்தாக்கு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் 500 மீட்டருக்கு மேல் மலையே இல்லை. பலகை அடித்து மூடியதுபோல ஒரே மட்டத்தில் மேகம்.

இந்த ஊர் மலைகளுக்கு ஃபெல் என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முன் குடியேறிய வைகிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல். ஃபெல் ஓட்டத்தில் கயிறு கட்டிய பாதை கிடையாது. லாங்டேலில் தொட்டுப் போக வேண்டிய செக்பாயிண்டுகளை மட்டும் சொல்வார்கள்: துனாகர் நாட், எஸ்க் ஹாஸ், போஃபெல், கிரிங்கிள் கிராக்ஸ், பைக் ஓ'பிலிஸ்கோ. பள்ளத்தாக்கின் தலைப்பகுதியைச் சுற்றி லாடம்போல நிற்கும் மலைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்பது ஓடுகிறவரின் பாடு. அதனால்தான் தொடங்குமுன் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்: தலைமூடியுள்ள மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, விசில், வரைபடம், காம்பஸ், அவசரத்துக்குச் சாப்பாடு. என் அவசரச் சாப்பாடு லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாங்கிய கடலை மிட்டாய். பை பார்த்த தன்னார்வலர் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'பாதியில் விட்டாலும் இங்கே வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்' என்று இரண்டு முறை சொன்னார். சொல்லாமல் போனால், காணவில்லை என்று மீட்புக் குழு மலையேற வேண்டியிருக்கும். அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், சனிக்கிழமைச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வருகிறவர்கள்.

ஸ்டிக்கிள் டார்ன் ஏரி வரைக்கும் ஓடை ஓரமாகப் படிக்கட்டு ஏற்றம். ஏரிக்கு மேலே பேவி ஆர்க் என்ற பெரும்பாறைச் சுவர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஏரியின் எதிர்க்கரையே தெரியவில்லை. அங்கிருந்து நூறு மீட்டர் ஏறியதும் உலகம் பதினைந்து அடிக்குச் சுருங்கியது. முன்னால் ஓடியவரின் சிவப்புச் சட்டை ஒரு தடவை மங்கியது, அப்புறம் ஆளே இல்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மோதி மேலே எழும்பும் இடம் இந்த மலைத்தொடர். இங்கிலாந்திலேயே மக்கள் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை பெறும் சீத்வெயிட் இந்த முகட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஆகவே அக்டோபரில் இங்கே வந்துவிட்டு மூட்டமாக இருக்கிறதே என்று வருத்தப்பட நியாயமில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஆறு மாதமாக வாரக்கடைசிகளில் காம்பஸ் பழகியதே இதற்காகத்தான்.

துனாகர் நாட் செக்பாயிண்டில் என் போட்டி நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். அங்கிருந்து மேற்கே, சதுப்பும் புல்லுமாக ஒரு பரந்த மேடு. பிடித்துக்கொண்டு போக வேலியோ சுவரோ ஓடையோ கிடையாது. இங்கேதான் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியைப் பார்த்தேன். வரைபடத்தைப் பீடிக்கட்டு அளவுக்கு மடித்து, தான் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். பத்து அடி போனால் விரலும் நகரும். காம்பஸ் ஊசியைப் பார்ப்பார், அந்தத் திசையில் கண்ணுக்கு எட்டும் கடைசிக் கல்லைப் பார்ப்பார், அதுவரை தலை நிமிர்ந்து ஓடுவார், மறுபடி ஊசி. ஊசியையே பார்த்து ஓடினால் கால் தானாகச் சரிவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று சொன்னார். இப்போது இந்தப் பகுதியில் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. "காற்று இன்றைக்குத் தென்மேற்கு, மாறாது. உங்களுக்கு எங்கே அடிக்கிறது?" இடது கன்னத்தில் என்றேன். "அப்படியானால் நாம் மேற்கே போகிறோம். கன்னம் மாறினால் நில்லுங்கள்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என்னால் அவரோடு ஓட முடியவில்லை.

ஆங்கிள் டார்ன் ஏரியின் தண்ணீர் காலடியில் வந்தபோதுதான் கண்டேன். எஸ்க் ஹாஸ் மூட்டத்தில் வழி தவறுவதற்குப் பேர்போன கணவாய். நான்கு திசைக்கும் பாதை பிரியும், எல்லாப் பாதையும் ஒரே மாதிரி தெரியும். அங்கே நின்ற தன்னார்வலர்கள் கையால் வழி காட்டவில்லை, நம்பரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அதுதான் இந்த விளையாட்டின் முறை, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

இனி போஃபெல். 902 மீட்டர். வடமேற்கிலிருந்து, காற்றை வலது கன்னத்தில் வாங்கிக்கொண்டு ஏறினேன். உச்சி முழுக்க அறை அளவு பாறைகள், எல்லாம் ஈரம். செக்பாயிண்டில் நம்பர் சொல்லிவிட்டு, குளிரில் கை நடுங்க ஒரு மிட்டாயைப் பிரித்தேன். அதற்குள் இரண்டு முறை திரும்பி நின்றிருப்பேன் போலிருக்கிறது. நிமிர்ந்தபோது எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பதே தெரியவில்லை.

அப்போது ஆறேழு பேர் ஒரு கூட்டமாக என்னைத் தாண்டி இறங்கினார்கள். உறுதியான கால்கள், உள்ளூர் கிளப் சட்டைகள். அவர்கள் பின்னால் போனேன். காம்பஸைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதப் பயிற்சியை ஒரு சட்டையின் நிறத்தை நம்பி விட்டுவிட்டேன்.

ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மழை நேராகக் கண்ணில் குத்தியது. கன்னத்தில் இல்லை, நேராகக் கண்ணில்! அந்தப் பெண்மணியின் குரல் ஞாபகம் வந்தது. போஃபெலிலிருந்து அடுத்த இலக்கு த்ரீ டார்ன்ஸ் என்ற சின்னக் குளங்கள். அவை தெற்கே தள்ளி இருந்தாலும், உச்சியிலிருந்து நேராக அங்கே இறங்கக் கூடாது. நடுவில் போஃபெல் லிங்க்ஸ் என்ற பாறைச்சுவர். முதலில் கிழக்கே கொஞ்ச தூரம் போய், அப்புறம்தான் தெற்கே இறங்க வேண்டும். கிழக்கே போகிறவனுக்குத் தென்மேற்குக் காற்று முதுகில் அடிக்க வேண்டும். எனக்கு முகத்தில் அடிக்கிறது.

காம்பஸை எடுத்து, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்தேன். தென்மேற்கு. அந்தச் சரிவு முடிவது எஸ்க்டேல் பள்ளத்தாக்கில். அங்கே இறங்கிவிட்டால் லாங்டேலுக்குச் சாலை வழியாகத் திரும்ப ஹார்ட்நாட், ரைனோஸ் என்று இரண்டு செங்குத்துக் கணவாய்களைத் தாண்ட வேண்டும். 58 பவுண்டு என்ன, நூறு பவுண்டுக்கும் எந்த டாக்சியும் வராது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் காம்பஸ் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. உடம்பு முழுக்க, போகும் திசைதான் சரி என்று அடித்துச் சொன்னது. ஊசி ஒருபுறம், ஏழு பேர் ஒருபுறம், என் உள்ளுணர்வும் அந்த ஏழு பேர் பக்கம். ஊசிக்குத் துணை காற்று மட்டும்தான். விசிலை எடுத்து ஊதினேன். இரண்டு பேர் நின்றார்கள். "இது எஸ்க்டேல்" என்று கத்தினேன். ஒருவர் தன் காம்பஸைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ திட்டிவிட்டு, முன்னால் போனவர்களைக் கூப்பிட ஓடினார். எல்லாரும் திரும்பினோம். மறுபடி உச்சிக்கு ஏற இருபது நிமிடம் போயிற்று.

கிழக்கே காலடி எண்ணிக்கொண்டு நடந்தோம். பாறைகள் முடிந்து, சரளைக்கல் சரிவு தெற்கே திரும்பியது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தகடு மாதிரி தண்ணீர் வந்தது. ஒரு குளம், அப்புறம் இன்னொன்று. அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரைப் பார்த்து வந்த சந்தோஷம் எந்த அழகான காட்சியிலும் எனக்கு வந்ததில்லை.

கிரிங்கிள் கிராக்ஸின் முகடுகளை எண்ணிக்கொண்டே போனோம். பேட் ஸ்டெப் என்ற பாறைப் படியில் இறங்காமல் மேற்கே சுற்றும் பாதையில் போனேன், ஈரத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம். பைக் ஓ'பிலிஸ்கோவிலிருந்து இறங்கும்போது மேகத்தின் அடி கிழிந்து, கீழே பச்சைப் புல்லும் கல் சுவர்களும் என் கூடாரமும் தெரிந்தன. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிவிட்டது.

ஹோட்டலின் மலையேறிகள் பார் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம். கல் தரை, சேற்றுக் காலோடு உள்ளே போகலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. காய்கறி சூப், தடியாக வெட்டிய ரொட்டி, ஒரு தட்டு சிப்ஸ். சூப்பில் மிளகு தூக்கலாக இருந்தது, ரசம் குடித்தது போல நெஞ்சு வரை சூடு இறங்கியது. இரண்டாவது கிண்ணம் வாங்கும்போது டாக்சிக்காரர் கூடுதலாக வாங்கிய 18 பவுண்டு ஞாபகம் வந்தது, இருந்தும் வாங்கிவிட்டேன். பக்கத்து மேசையில் அந்தப் பெண்மணி உடை மாற்றி, காய்ந்த முடியோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கடலை மிட்டாய் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். கடைசித் துண்டை இரண்டாக உடைத்தேன்.

செலவுக் கணக்கு எழுத வேண்டும், பஸ் நேரம் எழுத வேண்டும், எந்த வரைபடம் வாங்கலாம் என்றும் எழுத வேண்டும். அவசரமாக ஒன்று மட்டும்: ஆம்பிள்சைடிலிருந்து பள்ளத்தாக்குக்குப் போகும் பஸ்கள் குறைவு, கடைசி பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட் எடுங்கள். வரைபடம் 1:25,000 அளவில் இருக்கட்டும். மற்றதை முழங்கால் வீக்கம் வடிந்ததும் எழுதுகிறேன். அடுத்த அக்டோபருக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன், இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே ரயில் ஏறுவேன்.