தலையில் முளைத்த கால்

கல்லூரியில் படித்த நாட்களில் நுண்ணோக்கியின் கீழ் பார்த்த ஒரு பழ ஈ இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்த உயிரின் இரு சிவந்த கண்களுக்கு நடுவே, உணர்கொம்புகள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆன்டென்னபீடியா என்னும் மரபணு தனக்குரியதல்லாத இடத்தில் இயங்கியதன் விளைவு அது. உருக்குலைந்த சதைத் துணுக்குகளைத்தான் எதிர்பார்த்துக் குனிந்தேன். ஆனால் கணுக்கள் இருந்தன, மயிர்கள் இருந்தன, நுனியில் கொக்கி போன்ற நகங்கள்கூட இருந்தன. கால் செய்யப்பட்ட விதத்தில் எந்தக் குறையும் இல்லை, இடம்தான் தவறிவிட்டது. காலை எப்படி ஆக்குவது, எங்கே ஆக்குவது என்ற இரண்டும் உயிரணுக்களுக்குத் தனித்தனிக் கட்டளைகளாக வருகின்றன. விலங்குகளின் உடலமைப்பு எவ்வாறு மாறி வந்தது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்தப் பிரிவினையில் அடங்கியிருக்கிறது என்றே கருதுகிறேன்.

ஓர் உறுப்பின் இடத்தில் மற்றோர் உறுப்பு தோன்றும் இத்தகைய பிறழ்வுகளுக்கு 1894-இல் ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் ‘ஹோமியோசிஸ்’ என்று பெயரிட்டார். பின்னர் அமெரிக்க மரபியலாளர் எட்வர்ட் லூயிஸ் பல பத்தாண்டுகளை இந்த ஈக்களோடு கழித்தார். ஈக்குப் பறக்கும் இறகுகள் ஓரிணைதான். இரண்டாம் இணை இருக்கவேண்டிய இடத்தில், பறக்கும்போது சமநிலை காக்கும் இரு சிறு குமிழ்கள் இருக்கும். அல்ட்ராபைதோராக்ஸ் மரபணுவைப் பாதிக்கும் பிறழ்வுகளைச் சேர்த்து, குமிழ்களுக்குப் பதிலாக முழு இறகுகளைக் கொண்ட நான்கிறகு ஈயை அவர் உருவாக்கிக் காட்டினார். 1995-இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவருடன் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1983-84 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் அமெரிக்காவின் இண்டியானாவிலும் இயங்கிய இரு ஆய்வுக் குழுக்கள், இம்மரபணுக்களுக்குள் 180 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு பொதுத் துண்டு இருப்பதைத் தனித்தனியே கண்டறிந்தன. அதே துண்டு விரைவிலேயே தவளையிலும் எலியிலும் மனிதனிலும் தென்பட்டது. இத்துண்டைக் கொண்டு, உடலின் எப்பகுதியில் எந்த உறுப்பு என்று தீர்மானிக்கும் இம்மரபணுக்களுக்கு ஹாக்ஸ் மரபணுக்கள் என்று பெயர். ஈயில் அவை 8. நம்மிடம் நான்கு தொகுதிகளாக 39. குரோமோசோமில் அவை அமர்ந்திருக்கும் வரிசையும், கருவின் தலை முதல் வால் வரை அவை செயல்படும் வரிசையும் ஒன்றே. ஈயும் மனிதனும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த கிளைகள் என்பதை எண்ணும்போது, இந்த ஒற்றுமை எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

ஹாக்ஸ் மரபணுக்களை உடலின் ‘வரைபடம்’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவற்றுள் காலின் உருவமோ விலா எலும்பின் உருவமோ எழுதப்பட்டிருக்கவில்லை. அவை தரும் புரதங்கள் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, வேறு மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்கின்றன, அவ்வளவே. வண்ணத்துப்பூச்சியின் பின்னிறகிலும் அல்ட்ராபைதோராக்ஸ் இயங்குகிறது, ஆயினும் அங்கே குமிழ் தோன்றாமல் அகன்ற இறகே விரிகிறது. கட்டளையிடும் மரபணு மாறவில்லை. அதைக் கேட்டு நடக்கும் மரபணுக்கள் மாறிவிட்டன. கழுத்தின் கதை வேறு வகை. எலிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்து முள்ளெலும்புகள் 7, கோழிக்கு 14. எலியிலும் கோழியிலும் ஹாக்ஸ்-சி6 இயங்கத் தொடங்கும் எல்லை கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில்தான் அமைகிறது. எண்ணிக்கை எதுவானாலும், எல்லை நகர்ந்த இடத்துக்குக் கழுத்தின் முடிவும் நகர்கிறது.

இவை அனைத்தையும்விட என்னை ஆழமாகத் தொட்டது பாம்பின் கால்களைப் பற்றிய ஆய்வு. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு முதுகெலும்பிகளின் தண்டுவடம், மூளை, முகம் எனப் பல இடங்களில் இன்றியமையாதது. அதை முற்றிலும் இழக்கும் கரு பிழைக்காது. ஆகவே கால்களைத் துறப்பதற்காகப் பாம்பு இந்த மரபணுவையே கைவிட்டிருக்க முடியாது. ஆனால், கால் அரும்பில் மட்டும் அதை இயக்கும் தனிச் சுவிட்சான ஒரு டி.என்.ஏ. துண்டு, மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வில், எலியின் இந்தச் சுவிட்சை அகற்றிவிட்டுப் பாம்பினுடையதைப் பொருத்தினார்கள். பிறந்த எலிகளின் கால்கள் குட்டையான முனைகளாக நின்றுவிட்டன, உடலின் மற்ற பகுதிகளோ இயல்பாகவே இருந்தன. பாம்புகள் இழந்திருந்த 17 எழுத்துகளை மலைப்பாம்பின் சுவிட்சில் மீண்டும் செருகிப் பொருத்தியபோது எலிக்குக் கால்கள் வளர்ந்தன. மனிதரில் இதே சுவிட்சில் ஓர் எழுத்து மாறினாலே கையில் கூடுதல் விரல் தோன்றக்கூடும்.

இந்தச் சுவிட்ச் சிதைந்ததுதான் பாம்பின் கால்கள் மறைந்ததற்கு முதற்காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். கால்கள் வேறு மாற்றங்களால் குறைந்த பிறகு, பயனற்றுப்போன சுவிட்ச் மெல்லச் சிதைந்திருக்கவும் கூடும். ஆய்வு காட்டுவது, சுவிட்ச் பழுதானால் அதுவே கால் வளர்ச்சியைத் தடுக்கப் போதும் என்பதை மட்டும்தான். அந்தச் சிதைவும் எல்லாப் பாம்புகளிலும் ஒரே அளவில் இல்லை: நாகம் போன்ற பிற்காலக் கிளைகளில் அது கடுமையாகவும், பழைய கிளையான மலைப்பாம்பில் குறைவாகவும் இருக்கிறது. மலைப்பாம்பின் கருவில் பின்னங்காலுக்கான அரும்பு இன்றும் எழுகிறது; சோனிக் ஹெட்ஜ்ஹாக் அங்கே சிறிது நேரம் இயங்கி அடங்கிவிடுகிறது. வளர்ந்த மலைப்பாம்பைப் புரட்டிப் பார்த்தால், வால் தொடங்கும் இடத்தருகே இருபுறமும் செதில்களுக்கிடையே ஒவ்வொரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். வளரத் தொடங்கி நின்றுபோன காலின் நுனி அது.