பூட்டனோட கல்லுல இருந்த பிரமாதி வருஷம்

எங்க அப்பாவோட தாத்தா, அதாவது என்னோட பூட்டன், ரஜூலா கப்பல்லதான் பினாங்குக்கு வந்தாருன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டே வளந்தோம். போன வருஷம் தகரப் பெட்டியில பூட்டனோட மக, எங்க அத்தைப்பாட்டியோட பொறப்புப் பத்திரம் கிடைச்சிச்சு, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல 1922ல பொறந்திருக்காங்க, ஆனா ரஜூலா கட்டினதே 1926லதான், அப்ப இவரு வந்தது அதுக்கு முந்தின ஏதோ ஒரு கப்பல்ல. பல வருஷம் நாகப்பட்டணத்துக்கும் பினாங்குக்கும் ஓடின கப்பல் ரஜூலா, அதனால வந்தவங்க எல்லாரும் அதுலதான் வந்தாங்கன்னு வீட்டுக்கு வீடு நிலைச்சுப் போச்சு. உங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்கன்னா முதல்ல வருஷத்தைப் பாருங்க.

அவரு செத்தது 1939ன்னு அப்பா உறுதியா சொல்வாரு. அந்த வருஷத்து இறப்புப் பதிவுல தேடித் தேடி ஒண்ணும் கிடைக்கல. சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவையும் கூட்டிக்கிட்டு பினாங்குல இருக்கிற பத்து லஞ்சாங் இடுகாட்டுக்குப் போனோம். கல்லு முழுக்க பாசி. கம்பி பிரஷ் போட்டா எழுத்தும் சேர்ந்து போயிடும், அதனால தண்ணியும் துணியும் மட்டும் வச்சு மெதுவா தொடைச்சோம். அப்பவும் படிக்க முடியல. போன் லைட்டை நேரா அடிக்காம கல்லை ஒட்டினாப்புல பக்கவாட்டுல அடிச்சப்பதான் குழியில நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொண்ணா எழும்பி வந்திச்சு: பிரமாதி வருஷம் தை மாசம், வளர்பிறை துவாதசி. அப்பா விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா தடவிப் படிச்சாரு, எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

பிரமாதி 1939 சித்திரையில தொடங்குது, ஆனா தை வரும்போது இங்கிலீஷ் வருஷம் மாறிடும், அப்ப அது 1940 ஜனவரி! வீட்டுல சொன்ன 1939 வந்தது இப்படித்தான். அப்புறம் 1940ல தேடினோம், அப்பவும் உடனே கிடைக்கல, ஏன்னா அவரு பேருல ஒரு ழ இருக்கு, அந்தக் காலத்து கிராணிங்க, அதாவது ஆபீஸ் குமாஸ்தாங்க, அதை இங்கிலீஷ்ல எல்லா மாதிரியும் எழுதுவாங்க, எல் போட்டு, ஆர் போட்டு, இசட் போட்டு எல்லாம் தேடிப் பாத்தோம். கடைசியில ஆர் போட்ட பேருல இருந்தாரு, வேலைன்னு போட்டிருந்த இடத்துல கூலின்னு ஒரே வார்த்தை.

ஊரு பேரு இன்னும் முழுசா தெரியல, கல்லுல கடைசி வரி ஒடைஞ்சு போய் 'நாகப்பட்டணம் தாலுகா'ங்கறது மட்டும்தான் மிச்சம். அடுத்தது அதைத்தான் தேடப் போறேன்.

ஆனா அப்பாவுக்கு ஊரை விட பெருசா பட்டது அந்தத் துவாதசிதான். செத்த நாள் தெரியாததால இத்தனை வருஷமா ஆடி அமாவாசையிலதான் பூட்டனுக்கும் சேத்துப் படைச்சோம். இடுகாட்டுலேர்ந்து வந்த அன்னைக்கே அப்பா காலண்டரை எடுத்து, அடுத்த தை மாசத்துல வளர்பிறை துவாதசி எதுன்னு பாத்து பென்சில்ல வட்டம் போட்டுட்டாரு.