பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன்: பெங்களூருவில் இங்கிலீஷ் இடச்சொற்கள் பழகிய விதம்

பஸ்ஸில் இருக்கிறேன், ஆட்டோவில் இருக்கிறேன், வாசலில் நிற்கிறேன். தமிழுக்கு மூன்றும் ஒரே 'இல்'. இங்கிலீஷ் இதையே ஆன், இன், அட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பெங்களூருவில் கன்னடம் பேசப் பழகியவர்களுக்கும் அதனால் லாபமில்லை. அங்கே 'அல்லி' என்பது நம் 'இல்' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அதனால் தமிழ் வாக்கியத்தை மனதில் ஓட்டிவிட்டு 'இல்'லுக்கு மட்டும் ஆள் தேடினால் அநேகமாக 'இன்' வந்து விழும். நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தத் தேவையில்லாத 'இன்'தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து இவற்றைப் பழகியபோது முதலில் எடுத்துக்கொண்டது வீட்டு முகவரி. ஊருக்கும் பேட்டைக்கும் இன்: 'ஐ லிவ் இன் பெங்களூரு', 'இன் அல்சூர்'. ரோடு, கிராஸ் (குறுக்குத் தெரு), மெயின் (பிரதான தெரு) எல்லாவற்றுக்கும் ஆன்: 'ஆன் தேர்ட் கிராஸ்'. கதவு எண் வந்துவிட்டால் அட்: 'அட் 14, தேர்ட் கிராஸ்'. மாடிக்கு ஆன்: 'ஆன் த செகண்ட் ஃப்ளோர்'. மொட்டை மாடிக்கும் ஆன்தான், 'இன் த டெரஸ்' கிடையாது. பிரிட்டிஷார் தெருவுக்கு இன் போடுவதுண்டு, அமெரிக்கர்கள் ஆன் போடுவார்கள். எம்.ஜி. ரோடு போன்ற பெரிய சாலைக்கு ஆன் என்று வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

முகவரி சரளமானதும் காரணம் தானாகப் பிடிபடும். நாலா பக்கமும் எல்லை உள்ளதாக நினைத்தால் இன். பரப்பாகவோ கோடாகவோ நினைத்தால் ஆன். உள்ளே வெளியே என்ற யோசனையே இல்லாமல் வெறும் புள்ளியாக நினைத்தால் அட். இடம் மாறத் தேவையில்லை, பார்வை மாறினால் போதும். மெஜஸ்டிக் மெட்ரோ ஸ்டேஷனில் பச்சை லைனும் ஊதா லைனும் சந்திக்கின்றன. ரயில் மாறுவதைச் சொல்லும்போது அது வழியில் ஒரு புள்ளி: 'சேஞ்ச் அட் மெஜஸ்டிக்'. ரயிலுக்குக் காத்திருப்பது 'ஆன் த பிளாட்ஃபார்ம்'. நண்பர் 'ஐயாம் அட் த ஸ்டேஷன்' என்றால் அவர் வெளியே ஆட்டோ ஸ்டாண்டில்கூட நிற்கலாம். 'இன் த ஸ்டேஷன்' என்றால் கட்டடத்துக்குள் தேடுங்கள்.

வண்டிகள் தனிக் கதை. எழுந்து நின்று நடக்க இடமுள்ளதற்கு ஆன்: பஸ், ரயில், மெட்ரோ, விமானம், கப்பல். குனிந்து ஏறி உட்கார்ந்தபடியே போவதற்கு இன்: கார், ஆட்டோ, டாக்சி. காலைப் போட்டு உட்காருவதற்கு மறுபடியும் ஆன்: பைக், ஸ்கூட்டர், சைக்கிள். ஏறி இறங்கும் வினையும் இதோடு சேர்ந்தே வரும். பஸ்ஸில் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. காரில் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. நாம் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரர் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். பஸ்ஸுக்குள் புழுக்கம் என்று உட்புறத்தையே அழுத்திச் சொல்லும்போது 'இன் த பஸ்' தவறில்லை. சின்னப் படகுக்கு இன், ஆனால் அந்தப் படகு ஏரியில் மிதப்பது 'ஆன் த லேக்', அடியில் நீந்தும் மீன் 'இன் த லேக்'. அல்சூர் ஏரிப் பக்கம் போனால் இதைக் கண்ணெதிரே சொல்லிப் பார்க்கலாம்.

எதைப் போடுவது என்பதைவிடச் சிக்கலானது, எங்கே போடவே கூடாது என்பது. நம் 'க்கு' இங்கே காலை வாரும். வீட்டுக்குப் போனேன் என்பது 'ஐ வென்ட் ஹோம்', நடுவில் 'டு' கிடையாது. ஆனால் 'மை ஹவுஸ்' என்றால் 'டு' வேண்டும். ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், அப்ராட் இவற்றுக்கு முன்னாலும் 'டு' வராது. 'ரீச்' என்ற வினைக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்: 'ரீச்ட் த ஆபீஸ்'. அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் த ரூம்', 'இன்டு' சேர்க்க வேண்டாம். இதற்கு நேர்மாறு 'அரைவ்': ஊருக்கு இன், ஸ்டேஷனுக்கு அட், எக்காரணம் கொண்டும் 'டு' இல்லை. ஆபீஸ் மெயில்களில் அதிகம் கண்ணில் பட்டது 'ரீச்ட் டு'தான்.

அடுத்தது 'மேல்'. ஒட்டியிருந்தால் ஆன். ஒட்டாமல் நேர் மேலே இருந்தாலோ, குறுக்கே கடந்தாலோ, போர்த்தியதுபோல மூடினாலோ ஓவர். வெறும் உயரத்தைச் சொன்னால் அபவ். எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் தரைக்கு மேலே தூண்களில் நிற்கிறது, 'அபவ் த கிரவுண்ட்'. அடுத்த ஸ்டேஷனான கப்பன் பார்க் பூமிக்குள், 'அண்டர் த கிரவுண்ட்'. தரையில் விழுந்த சாவிக்கு 'ஆன் த கிரவுண்ட்'. அதையே 'இன் த கிரவுண்ட்' என்றால் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள்.

டிரைவரிடம் போனில் வழி சொல்லும்போது 'முன்னாடி'யும் 'எதிரே'யும் குழம்பும். கோயில் வாசலிலேயே, அதே பக்கம் நின்றால் 'இன் ஃபிரண்ட் ஆஃப் த டெம்பிள்'. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் என்றால் 'ஆப்போசிட் த டெம்பிள்', இதற்கும் 'டு' தேவையில்லை. கட்டடத்தின் பின்னால் என்பதற்கு 'பேக்சைட்' வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் உடம்பின் பின்புறத்தைக் குறிக்கும். 'பிஹைண்ட் த பில்டிங்' என்றால் கௌரவமாக முடிந்துவிடும்.

சில ஜோடிகள் கணக்குக்குள் அடங்காததுபோலத் தெரியும். மரத்தில் மாங்காய் ஆன், குருவி இன். காய் மரத்தோடு ஒட்டியது, குருவி கிளைகளுக்கு நடுவே இருக்கிறது. சுவரில் காலண்டர் ஆன், விரிசல் இன். அறை மூலை என்றால் இன், தெருமுனை என்றால் அட் அல்லது ஆன். புத்தகத்துக்கு இன், பக்கத்துக்கு ஆன், பக்கத்தின் அடிப்பகுதிக்கு 'அட் த பாட்டம்'.

விதி தெரிந்தும் வேகமாகப் பேசும்போது பழைய 'இன்' திரும்பி வரும். விதியை யோசிக்க அங்கே நேரமில்லை. அதனால் 'பஸ்' என்று தனியாக மனப்பாடம் செய்யாமல் 'ஆன் த பஸ்' என்று ஒரே சொல்லாகவே வாயில் ஏற்றினோம். வீட்டிலிருந்து ஆபீஸ் வரை போகும் வழியைப் பத்து வாக்கியங்களில் சொல்லி, போனில் பதிவு செய்து, இன்னொருவரைக் கேட்கவைத்துத் திருத்தினால் நல்ல பலன் உண்டு, சொன்னவர் காதுக்குத் தன் தவறு எளிதில் விழாது. சந்தேகம் வந்தால் அகராதியில் ஆன், இன் என்று தேடாதீர்கள், பக்கம் பக்கமாக அர்த்தம் வரும். 'ஃப்ளோர்', 'கார்னர்' என்று பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். கற்போருக்கான அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியத்திலேயே கூட வரும் சொல் கிடைத்துவிடும்.